மணமும் நேரமும் சொல்லும் சாட்சி

காக்ஸ் டவுனின் பழைய ஓட்டு வீடுகளை அறிந்தவர்கள் தோட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ரோஜாவும் மல்லிகையும் வளர்த்த கதைகளுக்கு நடுவே யாரும் வளர்க்காத ஒரு செடியும் வந்துவிடும். கிணற்றடியிலும் காம்பவுண்டுச் சுவரோரத்திலும் தானாக முளைத்த செடி. இடுப்பளவு புதராக வளர்ந்து, வெயில் தாழ்ந்ததும் பூத்து, வாசல்வரை மணந்த செடி. அதன் பெயர் பலருக்கு நினைவில்லை. நிறத்தைக் கேட்டால் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். கத்தரிப்பூ நிறம் என்பார் ஒருவர். மஞ்சள்தான் என்பார் இன்னொருவர். வெள்ளை என்று மூன்றாமவர் உறுதியாக நிற்பார். ஆனால் மூன்று செய்திகளில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். அது மாலையில்தான் திறந்தது, திறந்தபோதுதான் மணந்தது, பூ உதிர்ந்த இடத்தில் கறுப்பாக ஒற்றை விதை உட்கார்ந்திருந்தது. எனக்கு நினைவிருப்பதும் இவ்வளவுதான். இந்த மூன்றும் போதும் என்பதே என் கட்சி. தானாக முளைத்த மணமுள்ள செடியை அடையாளம் காண நிறத்தையும் படத்தையும்விட மணம், நேரம், விதை ஆகிய மூன்றுமே உறுதியான சான்றுகள். இவற்றை மறக்காமல் வைத்திருப்பவர்கள் தங்களை அறியாமலேயே நல்ல தாவரக் குறிப்புகளைக் காத்து வருகிறார்கள்.

செடியைப் பார்ப்பதற்கு முன் அது முளைத்த மண்ணைப் பார்க்க வேண்டும். பெங்களூர் கண்டோன்மெண்ட் 1809இல் உருவானது. 1898இல் பிளேக் நோய் நெருக்கமான தெருக்களைத் தாக்கிய பிறகு, காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் தேவை என்ற எண்ணம் வலுத்தது. ஃபிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் என்று ஆங்கிலேயர் பெயர்கள் தாங்கிய பகுதிகளில் வீட்டைச் சுற்றி மண் விட்டுக் கட்டும் வழக்கம் வேரூன்றியது. தமிழர், கன்னடர், தெலுங்கர், உருது பேசுவோர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒரு வீட்டில் துளசி மாடமும் கனகாம்பரமும் இருக்கும். பக்கத்து வீட்டில் ஜெரேனியம் தொட்டிகள் வரிசையாக நிற்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், உறைபனி இல்லாத குளிர்காலம், சித்திரையில் வரும் கோடை மழை, செப்டம்பரில் கனக்கும் பருவமழை, நீரை விரைவில் வடிக்கும் செம்மண் என எல்லாமே தானாக முளைக்கும் செடிக்குச் சாதகமானவை. சிமெண்டு பூசாத முற்றமும் எப்போதாவது மட்டும் களையெடுக்கும் தோட்டமும் சேர்ந்தபோது, ஒருமுறை விழுந்த விதை பல தலைமுறைகளுக்கு நிலைத்துவிட்டது.

இந்த விவரங்கள் எல்லாம் ஒரே செடியைத்தான் காட்டுகின்றன: அந்திமந்தாரை. அந்திமல்லி என்றும் சொல்வார்கள். காக்ஸ் டவுனின் கன்னட வீடுகளில் அது சஞ்செ மல்லிகெ, மலையாளிகளுக்கு நாலுமணிப்பூ. 1753இல் லின்னேயஸ் இட்ட தாவரவியல் பெயர் மிராபிலிஸ் ஜலாபா. பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். ஆனால் பெயர் சரியா என்பதை நிறுவ வேண்டும், அதற்கு முதல் சாட்சி நேரம். அந்திமந்தாரை மாலை நாலு மணி முதல் ஆறு மணிக்குள், கதிரவன் மறையும் முன்பே திறந்துவிடும். இரவு முழுதும் விரிந்திருந்து மறுநாள் வெயில் ஏறும்போது சுருங்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஓர் இரவுதான் ஆயுள். இரவில் மணக்கும் மற்றச் செடிகளில் பெரும்பாலானவை இருட்டிய பிறகே திறக்கின்றன. ஆகவே பள்ளியும் அலுவலகமும் முடிந்து வீடு திரும்பும் வேளையில் பூ விரிந்திருந்ததாக ஒருவர் சொன்னால், அது வெறும் ஏக்கத்தின் பேச்சாகாது. பல செடிகளை ஒரே அடியில் விலக்கும் வலுவான தகவல் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மழைக்காலத்தில் இதே பூ காலையிலும் திறந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அப்படியானால் நேரத்தை எப்படி நம்புவது? மறுப்பு நியாயமானதே, ஆனால் அது வாதத்தை உடைக்காமல் கூர்மையாக்குகிறது. பூ கடிகாரத்தைப் பார்த்துத் திறப்பதில்லை. ஒளியும் வெப்பமும் குறைவதை உணர்ந்து அதன் உள் இயக்கம் செயல்படுகிறது. மேகம் மூடிய குளிர்ந்த நாளில் மூடுவது தள்ளிப்போகும். பெங்களூரில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் அப்படிப்பட்ட நாட்கள் ஏராளம். சென்னையிலோ மதுரையிலோ வெயில் காலையிலேயே பூவைச் சுருட்டிவிடும்; காக்ஸ் டவுனின் மூட்டமான காலையில் அது பத்து மணி தாண்டியும் நிற்கக்கூடும். எனவே மழை நாளில் காலையிலும் பார்த்தேன் என்ற நினைவு முரண் ஆகாது. அந்தச் செடியின் இயல்பை இன்னும் நுணுக்கமாகச் சொல்லும் கூடுதல் சான்றாகிறது.

இரண்டாவது சாட்சி மணம். மணம் ஆளுக்கு ஆள் வேறுபடும், சொல்லில் பிடிபடாது, அதை எப்படிச் சான்றாக ஏற்பது என்பார்கள். மணத்தின் சுவை ஆளுக்கு ஆள் மாறலாம். ஒருவருக்கு ஆரஞ்சுப் பூவையும் இன்னொருவருக்குத் தாழம்பூவையும் அது நினைவூட்டலாம். ஆனால் மணம் எப்போது எழுந்தது, எங்கிருந்து எழுந்தது என்பதில் அப்படிப்பட்ட குழப்பம் இல்லை. அந்திமந்தாரையின் மணத்தில் மிகுதியாக இருப்பது ஓசிமீன் என்னும் எளிதில் ஆவியாகும் பொருள். பூ அதை நாள் முழுதும் விடுவதில்லை. விரியும் மாலை வேளையில்தான் அதிகமாக விடுகிறது. காரணம் அதன் விருந்தாளி. பூவின் குழல் பல சென்டிமீட்டர் நீளம், தேன் அடியில் இருக்கிறது. சாதாரணத் தேனீயின் நாக்கு அங்கே எட்டாது. அந்தியில் பறந்தபடியே நின்று நீண்ட உறிஞ்சுகுழலை நுழைக்கும் பருந்து அந்துப்பூச்சிக்குத்தான் எட்டும். அந்தப் பூச்சி பறக்கும் நேரத்துக்கே செடி மணத்தைச் செலவிடுகிறது. பகலில் மூடிய பூவை முகர்ந்து மணமில்லை என்று சொல்பவரும், மாலையில் தெருவிலிருந்தே மணந்தது என்று சொல்பவரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மணத்தோடு நேரத்தைச் சேர்த்துக் கேட்டால் இருவர் சொல்வதும் உண்மை என்று தெரியும்.

இனி மணத்தால் குழப்பக்கூடிய மற்றச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விலக்கத் தெரியாமல் உறுதி சொல்ல முடியாது. பெங்களூர்த் தெருக்களில் நெடுமரமாக நிற்கும் ஆகாச மல்லிகை, அதாவது மரமல்லி, இரவில் மணந்து காலையில் தரையெங்கும் வெள்ளைப் பூக்களைக் கொட்டும். ஆனால் அது மரம். இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்தது. இங்கே அது காய்ப்பதும் அரிது, வேரிலிருந்து எழும் கன்றுகளால்தான் பெரும்பாலும் பெருகுகிறது. பவளமல்லி எளிதில் தன் அடியில் முளைக்கும், இலைகளும் எதிரெதிராக இருக்கும். ஆனால் இலையைத் தடவினால் சொரசொரக்கும், பூவின் காம்பு செம்மஞ்சள், காலையில் முழுப் பூவாக உதிரும். இரவு ராணியின் பூக்கள் ஒல்லியாக, பச்சை கலந்த வெளிறிய நிறத்தில் கொத்தாக இருக்கும்; மணம் இருட்டிய பிறகே கனக்கும்; காய் சதைப்பற்றுள்ள வெண்ணிறக் கனி. ஊமத்தையும் இரவில் மலர்ந்து மணக்கும், தானாகவும் முளைக்கும். ஆயினும் அதன் பூ கையளவு நீளமானது, காய் முள் நிறைந்தது, உள்ளே தட்டையான விதைகள் ஏராளம். நித்தியகல்யாணி சுவர் விரிசலிலும் முளைக்கும் என்றாலும் பகல் முழுதும் பூத்திருக்கும். இந்த அந்தி மணம் அதற்கு இல்லை. இவற்றை விலக்கியபின் மிஞ்சுவது, எதிரெதிர் இலைகளும் புடைத்த கணுக்களும் எளிதில் முறியும் சாறுள்ள தண்டும் கொண்ட அந்திமந்தாரை மட்டுமே.

மூன்றாவது சாட்சியான விதைதான் எல்லாவற்றிலும் உறுதியானது. அந்திமந்தாரையில் நாம் இதழ் என்று எண்ணுவது உண்மையில் இதழ் அல்ல. நிறம் ஏறிய புல்லி வட்டம். பச்சையாக அடியில் புல்லி போலத் தெரிவது பூவடிச் செதில்கள் ஒன்றிணைந்த கிண்ணம். பூக்குழலின் மேற்பகுதி வாடி விழுந்தபின் அதன் அடிப்பகுதி கடினமாகி விதையைப் போர்த்திக்கொள்கிறது. அதனால்தான் ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ஒரு விதை, அதுவும் திறந்த பச்சைக் கிண்ணத்தில் கறுத்துச் சுருங்கிய மிளகு போல உட்கார்ந்திருக்கும். அதை உடைத்தால் வெள்ளை மாவு. இந்த மாவை ஜப்பானில் முகப்பூச்சாகப் பயன்படுத்தினார்கள். அங்கே பூவின் பெயரிலேயே அந்த வழக்கம் தங்கிவிட்டது. பூவுக்கு ஒற்றை விதை, கிண்ணம், வெள்ளை மாவு ஆகிய மூன்றும் சேர்ந்த வேறொரு செடி நம் வீட்டுத் தோட்டங்களில் இல்லை. விதைகளைப் பொறுக்கி விளையாடிய பிள்ளைகளின் விரல்கள் செடியின் கனியமைப்பைச் சரியாகவே படித்திருந்தன.

நிறத்தைப் பற்றிய சண்டைக்கு இப்போது வரலாம். நினைவு நம்பத்தகாதது, ஆளுக்கொரு நிறம் சொல்வதே அதற்கு அத்தாட்சி என்பது இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்பு. மற்றப் பூக்களில் அந்த மறுப்பு நிற்கலாம், அந்திமந்தாரையில் நிற்காது. இதில் கத்தரிப்பூ நிறம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் உண்டு. ஒரே செடியில் இரு நிறப் பூக்களும், ஒரே பூவில் தெளித்த கோடுகளும் வரும். மரபியல் படித்தவர்களுக்கு இந்தச் செடி பழக்கமானது. ஜெர்மன் ஆய்வாளர் கார்ல் கோரன்ஸ் இதன் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தபோது பிள்ளைகள் இளஞ்சிவப்பாக வந்தன. அந்த இளஞ்சிவப்புச் செடிகள் தம்மில் தாமே கருவுற்றபோது சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிந்தன. முழுமையற்ற ஓங்குதன்மைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் பாடநூல்களில் நிற்பது இதுதான். புள்ளி இலைகள் தாய்வழியாக மட்டுமே வருவதை 1909இல் அவர் காட்டியதும் இதே செடியில்தான். பூ வாடிச் சுருளும்போது மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் சேர்ந்தே சுருள்வதால், அந்துப்பூச்சி வராத இரவிலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற முடிகிறது. கலப்பும் தன்கருவுறுதலும் மாறி மாறி நடக்கும் தோட்டத்தில் யாரும் தேர்ந்தெடுக்காமல் விழுந்து முளைக்கும் விதைகள் எந்த நிறத்தையும் தரலாம். போன ஆண்டு இளஞ்சிவப்பு, இந்த ஆண்டு வெள்ளை என்று சொல்பவரும், எங்கள் வீட்டில் மஞ்சள்தான் என்று சொல்பவரும் பொய் சொல்லவில்லை. நிறத்தில் இத்தனை முரண் இருப்பதே இது அந்திமந்தாரை என்பதற்கு ஆதரவாகும்.

கைபேசியில் படம் எடுத்தால் செயலி நொடியில் பெயர் சொல்லுமே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்றும் கேட்கலாம். செயலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை; நல்ல ஒளியில் எடுத்த முழுப் பூவின் படத்துக்கு அது பெரும்பாலும் சரியான பதிலையே தரும். ஆனால் வாரநாளின் நண்பகலில் எடுத்த படத்தில் அந்திமந்தாரை சுருங்கிய முனைகள் கொண்ட ஏதோ ஒரு பச்சைப் புதர். படத்தில் மணம் இல்லை, நேரம் இல்லை, உடைத்துப் பார்த்த விதை இல்லை. இடிக்கப்பட்டுவிட்ட வீட்டின் தோட்டத்தைப் படம் எடுக்கவும் வழியில்லை. செயலி முதல் யூகத்தைத் தரட்டும். அந்த யூகத்தைச் சோதிக்கும் வேலை மாலையில் செடியருகே நிற்பவருக்கே உரியது. நினைவும் இப்படித்தான் சோதனைக்கு உட்பட வேண்டும். பழைய நினைவு சொல்லும் ஒவ்வொரு பண்பையும் இன்று வளரும் ஒரு செடியில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதால்தான் அதை நான் சான்று என்கிறேன்.

தானாக முளைத்தது என்ற சொல்லையும் சோதிக்காமல் விடக் கூடாது. அந்திமந்தாரைக்கு அடியில் தடித்த கிழங்கு உண்டு. பனிக்காலம் முடிந்து மண் காயும்போது தண்டு வதங்கி மறைந்துவிடும்; கோடை மழையின் ஈரம் பட்டதும் கிழங்கிலிருந்து மீண்டும் தளிர்க்கும். உறைபனி இல்லாத பெங்களூரில் கிழங்கு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே புதிதாக முளைத்தது என்று எண்ணியது பழைய செடியின் மறுபிறப்பாகவே இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எளிது. விதையிலிருந்து வந்த கன்றில் முதலில் இரண்டு அகன்ற வித்திலைகள் தெரியும், வேர் மெலிதாக இருக்கும். கிழங்கிலிருந்து வந்ததில் தொடக்கத்திலேயே பருத்த தளிர்கள் பல எழும். இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாற்றுப் பயனும் உண்டு. விதைக்குச் சிறகில்லை, பஞ்சில்லை, பறவையை இழுக்கும் சதையில்லை. கனமாக இருப்பதால் தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். மழைநீர் ஓடினால் கொஞ்ச தூரம் உருளும். மண்ணை அள்ளிப் போனால் அதோடு போகும். அப்படியென்றால் ஒரு காம்பவுண்டில் அது முளைத்திருப்பது, அங்கோ அருகிலோ எப்போதோ ஒரு மனிதக் கை அதை நட்டது அல்லது அதன் மண்ணைக் கொண்டுவந்தது என்பதற்குக் கிட்டத்தட்ட உறுதியான தடயம். காட்டுச் செடி என்று தோன்றும் இது, மறந்துபோன ஒரு தோட்டத்தின் எச்சம்.

அந்தத் தோட்டத்தின் வேர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அந்திமந்தாரை அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கண்டத்துக்கும் நம் கடற்கரைக்கும் போய்வரத் தொடங்கிய பிறகே இங்கு வந்திருக்க முடியும். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் இதைத் தேடிப் பயனில்லை. அந்நியச் செடி, களை, பிடுங்கி எறி என்று சிலர் சொல்வதற்கு இங்கே இடம் கிடைக்கிறது. காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் அது புதராகப் பரவும்போது அகற்றச் சொல்வது சரியே. காக்ஸ் டவுனின் சுவர் சூழ்ந்த முற்றத்திலோ அது நெருக்குவதற்குக் காடு இல்லை. அந்துப்பூச்சிக்கு அங்கே இரவு உணவு கிடைக்கிறது. மேலும் வந்த ஊரை வைத்துத் தீர்ப்பளித்தால் பெங்களூரின் பெருமைகளில் பாதி போய்விடும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகும், 1908இல் அங்கு வந்த தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல் சாலையோரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மரங்களும் தொலைநாட்டுச் செடிகளால் செழித்தவை. கவனம் வேண்டிய உண்மையான காரணம் வேறு: விதையும் கிழங்கும் நஞ்சு. உட்கொண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் விதை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் முளைத்தது ஊமத்தையாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. சரியாக அடையாளம் காண்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமான பதில்.

இன்று காக்ஸ் டவுனில் தனி வீடுகள் அடுக்குமாடிகளாகின்றன. அடித்தளம் தோண்டும்போது மேல்மண் லாரியில் போய்விடுகிறது, வாகனம் நிறுத்தும் தரையில் விதை விழ மண் இல்லை. செடி மறைந்த இடத்தில் அதைப் பற்றிய ஆவணமாக மிஞ்சுவது அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு மட்டுமே. அந்த நினைவைப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் முதியவர்களிடம் பூவின் பெயரையும் நிறத்தையும் முதலில் கேட்காமல், எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது மணந்தது, இலை எதிரெதிராக இருந்ததா, விதை எப்படி இருந்தது, கோடையில் காணாமல் போய் மழைக்குப் பிறகு வந்ததா என்று கேட்க வேண்டும். இந்த ஐந்து கேள்விகளுக்கும் வரும் பதில்கள் ஒன்றையொன்று தாங்கினால் அடையாளம் உறுதி. ஒன்று முரண்பட்டால் மீண்டும் தேட வேண்டும். கேட்டதை வீட்டின் இடத்தோடும் காலத்தோடும் எழுதி வைத்தால், கண்டோன்மெண்டின் எந்தெந்த முற்றங்களில் மனிதர்கள் எதை நட்டு வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு வரைபடம் கிடைக்கும். இன்னும் மண் மிஞ்சியிருக்கும் வீடுகளில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள். அடையாளம் தெரிந்த செடியைத்தான் பொறுப்போடு வளர்க்கவோ பிடுங்கவோ முடியும், அந்தப் பொறுப்பு மாலையில் சிறிது நேரம் அதனருகே நிற்பதிலிருந்தே தொடங்குகிறது.